அரளிப் புழு, கத்தரிப் புழு: ஆடி அமாவாசையை ஒட்டி ஆறு நாள்

முதல் நாள்

ஆடி மாதத்தில் திருநெல்வேலிக்குப் போகிறேன் என்றதும் அலுவலகத்தில் அத்தனை பேரும் "குற்றாலமா?" என்றுதான் கேட்டார்கள். விளக்குக்கு வரும் பூச்சிகளைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லத் துணிச்சல் வரவில்லை. "ஆமாம், சீசன் நன்றாக இருக்கிறதாம்" என்று சொல்லிவிட்டு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டேன். பையில் 160 வாட் பாதரச ஆவி பல்பு ஒன்று, இருபது மீட்டர் ஒயர், கேமரா, தாத்தாவின் பழைய எட்டு முழ வேட்டி இரண்டு. பல்பைத் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தேன். எதிர் சீட்டுக்காரர் ஏதோ சாமி விக்கிரகம் கொண்டு போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, விடியும் வரை என் பக்கம் காலை நீட்டவே இல்லை.

ஜங்ஷனில் இறங்கிச் செங்கோட்டை பாசஞ்சர் பிடித்தேன். சேரன்மகாதேவி தாண்டியதும் இரண்டு பக்கமும் கார் நடவு பச்சை. கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவே ரயில் தாமிரபரணியைக் கடக்கும் அரை நிமிடத்துக்காகவே நான் எப்போதும் கதவோரம் நிற்பேன். மேற்கே மலை முழுதும் மேகத்துக்குள் இருந்தது. அமாவாசைக்கு இன்னும் நான்கு நாள். நிலவு தொந்தரவு செய்யாது. மேகமும் காற்றும் என்ன செய்யும் என்பதுதான் தெரியவில்லை.

முதலில் பெயர்ப் பஞ்சாயத்தை முடித்துவிடுகிறேன். பாடநூல்களில் இரவில் பறக்கும் இந்த இனம் முழுவதையும் 'அந்துப்பூச்சி' என்று எழுதுகிறார்கள். எங்கள் ஊரில் அந்து என்றால் நெல் குதிருக்குள் பறக்கும் பொடிப் பூச்சி, அவ்வளவுதான். உள்ளங்கை அகலத்துக்கு இறக்கை விரிக்கும் ஒரு பூச்சியைப் பார்த்து அந்து என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. விளக்கைச் சுற்றுவது விட்டில். அகராதியைப் புரட்டினால் விட்டிலுக்கு வெட்டுக்கிளி என்றும் பொருள் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். நான் பார்க்க வந்திருப்பது ஆங்கிலத்தில் ஹாக் மாத் எனப்படும் ஒரே ஒரு குடும்பத்தை. ஸ்பிங்கிடே என்பது அதன் அறிவியல் பெயர். உலகம் முழுவதும் சுமார் 1,500 இனங்கள். ஒடுங்கிய இறக்கை, ராக்கெட் போன்ற உடல், பூவின் முன் அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும் வித்தை. இந்தத் தொடரில் இவற்றைப் பருந்து விட்டில் என்றே எழுதப் போகிறேன். பிடிக்காதவர்கள் அந்து என்று மாற்றி வாசித்துக்கொள்ளலாம்.

சிவந்திபுரத்தை ஒட்டிய ஆச்சி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் தயாராக இருந்தன. சாப்பிடும்போதே வந்த காரியத்தைச் சொன்னேன். ஆச்சிக்கு எண்பத்திரண்டு வயது. காது மந்தம், கண் கூர்மை. "விட்டில் என்னத்துக்கு? புழு வேண்டுமானால் பின்னால் அரளியில் கிடக்கிறது, போய்ப் பார்" என்றாள்.

கிடந்தது. சுண்டுவிரலைவிடப் பருத்த பச்சைப் புழு. பக்கவாட்டில் வெள்ளைக் கோடு, கோட்டை ஒட்டி உப்பு தூவியது போலப் புள்ளிகள். வால் நுனியில் மஞ்சளாக ஒரு குட்டைக் கொம்பு. குச்சியால் லேசாகத் தொட்டதும் தலையை உள்ளிழுத்துக் கழுத்தை வீங்க வைத்தது. சட்டென்று இரண்டு நீலக் கண்கள் என்னை முறைத்தன. கண்கள் போலத் தோன்றும் புள்ளிகள்தான். மாடு வாய் வைக்காத அரளியை அது அப்பளம் போலக் கடித்துக்கொண்டிருந்தது.

"இது அரளிப் புழு. நந்தியாவட்டையிலும் இருக்கும்" என்றாள் ஆச்சி. நான் கைப்பேசியில் குறித்துக்கொண்டேன்: டாஃப்னிஸ் நெரியை. எழுதிய பிறகுதான் உறைத்தது. அரளியின் அறிவியல் பெயர் நெரியம். நெரியை என்றால் 'அரளியினுடைய'. 1758-இல் ஸ்வீடனில் உட்கார்ந்து, உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் வைத்த பெயரையும் சிவந்திபுரத்து ஆச்சி சொன்ன பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றுக்கு மற்றது மொழிபெயர்ப்பு.

இரண்டாம் நாள்

லின்னேயஸ் பட்டாம்பூச்சியும் விட்டிலும் அடங்கிய செதிலிறகுப் பூச்சிகள் எல்லாவற்றையும் மூன்றே மூன்று பேரினங்களில் அடைத்தார்: பாப்பிலியோ, ஸ்பிங்ஸ், ஃபலேனா. ஏறக்குறைய பகலில் பறப்பவை, அந்தியில் பறப்பவை, இரவில் பறப்பவை. பொழுதை வைத்துப் பிரிப்பது நமக்குப் பழக்கமான முறைதான். நடுவில் உள்ள ஸ்பிங்ஸ்தான் நம் பருந்து விட்டில். எகிப்தில் மணலில் தலை தூக்கிப் படுத்திருக்கும் சிலையின் பெயர் அது. இந்தப் புழுக்களும் ஓய்வில் அப்படித்தான் முன்னுடலைத் தூக்கிக்கொண்டு இருக்கும். ஆகக் குடும்பத்தின் பெயரே புழுவைப் பார்த்து வைத்ததுதான். உள்ளே இனங்களின் பெயரைப் பார்த்தாலும் அதே கதை. கன்வால்வுலை என்றால் தாளிக்கொடியினுடையது. டிலியே, பாபுலை, லிகஸ்ட்ரை எல்லாம் அந்தந்த மரம் செடிகளின் பெயர். அவருடைய மாணவர் ஃபாப்ரிசியஸ் 1775-இல் ஒன்றுக்குப் போயர்ஹாவியே என்று பெயரிட்டார். போயர்ஹாவியா நம் மூக்கிரட்டைக் கீரை. தரங்கம்பாடியில் இருந்து டேனிஷ்காரர்கள் கப்பலில் அனுப்பிய பூச்சிகள் பலவற்றுக்கும் பெயர் வைத்தவர் இவர்தான்.

காலையில் மாமாவுடன் தோட்டத்துக்குப் போனேன். ஐந்து வரிசைக் கத்தரி, ஓரத்தில் அவரைப் பந்தல். மூன்றாவது வரிசையில் ஒரு செடி மொட்டையாக நின்றது. அதற்கு அடுத்த செடியில் குற்றவாளி. அரைச் சாண் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதல். மஞ்சள் கலந்த பச்சை, உடலில் சாய்ந்த கோடுகள், வாலில் முத்து முத்தாகச் சொரசொரப்புடன் மேல்நோக்கி வளைந்த கொம்பு.

"கொம்புப் புழு" என்றார் மாமா. "சித்திரையில் எள்ளில் விழுந்து பாதியைத் தின்றுவிட்டது. இப்போது இங்கே வந்திருக்கிறது. கொம்பால் குத்தும் மருமகனே, கையை எடுங்கள்."

குத்தாது. அந்தக் கொம்பில் விஷமும் இல்லை, வலுவும் இல்லை; விரலால் வளைத்துக் காட்டினேன். மாமா நம்பியதாகத் தெரியவில்லை. கோழிக்குப் போடப் போனவரிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டேன். பெயின்ட் பக்கெட்டில் அரைவாசி மண் போட்டு, கத்தரிக் கொப்போடு புழுவை உள்ளே விட்டு, மேலே கொசுவலை கட்டினோம். ஆச்சி எட்டிப் பார்த்தாள். "கத்தரிப் புழுவா? ராத்திரியில் பல்லைக் கடிக்கும், பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்காதே" என்றாள். புழுவுக்கு ஏது பல் என்று நினைத்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இரவு திரை. காட்டுக்குள் இரவில் நுழைய அனுமதி இல்லை. இருக்கவும் கூடாது என்பதுதான் என் கட்சி. மலையடிவாரத்துத் தோட்டமே எனக்குப் போதும். இரண்டு தென்னைகளுக்கு நடுவே வேட்டியைக் கட்டி, முன்னால் பல்பைத் தொங்கவிட்டேன். ஏழு மணிக்கு விளக்கு. ஏழு ஐந்துக்கு ஆடிக் காற்று. அம்மியே பறக்கும் என்று சொல்லி வைத்தவர்கள் வேட்டியைப் பற்றிச் சொல்லாமலா இருந்திருப்பார்கள்? திரை பாய்மரம் போல உப்பியது, முடிச்சு அவிழ்ந்தது, தாத்தாவின் வேட்டி பக்கத்து வயலில் போய் விழுந்தது. மாமா பையன்கள் இருவரும் ஓடிப்போய்ச் சேற்றோடு எடுத்து வந்தார்கள். இரண்டாவது வேட்டியை மாட்டுத் தொழுவச் சுவரில் ஆணியடித்துக் கட்டி, கீழே செங்கல் வைத்தோம். அது நின்றது.

எட்டரைக்கு முதல் பருந்து விட்டில். பொடிப் பூச்சிகளுக்கும் வண்டுகளுக்கும் நடுவே அது வந்து மோதியபோது சின்னவன் "குருவி!" என்று கத்தினான். ஹிப்போடியான் பேரினம். அதில் ரோசெட்டாவா, போயர்ஹாவியே என்ற மூக்கிரட்டைக்காரனா என்று நானும் கேமராவும் பத்து நிமிடம் மன்றாடினோம். இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும். படத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்வது கடினம். உடலை அறுத்துப் பார்த்தால் தெரியும். அறுக்க நான் வரவில்லை. 'ஹிப்போடியான், இனம் தெரியாது' என்று எழுதினேன்.

அடுத்து தெரட்ரா நெஸ்ஸஸ், வயிற்றின் இரு பக்கமும் பொன் சரிகை வைத்தது போல. பிறகு நெஃபெலே ஹெஸ்பெரா. இதன் புழு களாச்செடியைத் தின்னும். பத்து மணிக்கு ஏக்ரியஸ் கன்வால்வுலை, வயிற்றில் இளஞ்சிவப்பும் கறுப்பும் மாறி மாறிப் பட்டை. இதன் உறிஞ்சுகுழல் உடலைவிட நீளம். சுருட்டி வைத்திருக்கும் நிலையில் கடிகாரச் சுருள்வில் மாதிரி இருந்தது. கடைசியாக, யாரும் கவனிக்காத மூலையில், காய்ந்த இலை நிறத்தில் ஒன்று: பாலிப்டிகஸ் டென்டேட்டஸ். நறுவிலி மரத்துப் புழு.

தொழுவச் சுவரில் குடும்பத்தின் மூன்று கிளைகளும் வந்துவிட்டன. பூச்சியியலாளர்கள் ராத்ஸ்சைல்டும் ஜோர்டனும் 1903-இல் இந்தக் குடும்பம் முழுவதையும் மறுபடி அடுக்கினார்கள். அதற்குப் பின் வந்தவர்களும் திருத்தித் திருத்தி, நெடுங்காலம் மூன்று துணைக்குடும்பங்களாகவே வைத்திருந்தார்கள். ஏக்ரியஸ் ஸ்பிங்கினே. பாலிப்டிகஸ் ஸ்மெரிந்தினே, இவற்றில் பலவற்றுக்கு உறிஞ்சுகுழல் தேய்ந்து போய்விட்டது, பறக்கும் பருவத்தில் எதுவும் சாப்பிடுவதில்லை. புழுவாக இருந்தபோது நறுவிலி இலையில் சேர்த்ததை வைத்தே இணை தேடி, முட்டையிட்டு, முடிந்துவிடும். மற்றவை மாக்ரோகிளாஸினே, அதாவது 'பெருநாக்கு'க் கூட்டம். பெயர்தான் அவர்களுக்கு, ஆக நீளமான நாக்குகள் இருப்பது ஸ்பிங்கினேயில். இதைக் கண்டுகொண்டு யாரும் பெயரை மாற்றவில்லை. ஹிப்போடியானுக்கும் தெரட்ராவுக்கும் இன்னொரு விசேஷம் உண்டு. வாயை ஒட்டிய உறுப்புகளால் வௌவாலின் மீயொலியைக் கேட்கும். வாய் வழியாகக் காது.

மாமா பையன் கேட்டான்: "அண்ணா, ஏன் விளக்கில் வந்து விழுகிறது?" கவிஞர்கள் காதல் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். 2024-இல் வந்த ஓர் ஆய்வு, அதிவேகக் கேமராக்களை வைத்துப் பார்த்துச் சொன்னது இது: பறக்கும் பூச்சிகள் வெளிச்சம் இருக்கும் பக்கம் முதுகைத் திருப்பும். வானம்தான் வெளிச்சம் என்று பழகிய உடம்பு. பல்பு பக்கவாட்டில் இருந்தால் சாய்ந்து சாய்ந்து அதையே சுற்றும். மேலே பறந்து போனால் மல்லாந்துவிடும். ஆசையும் இல்லை, தற்கொலையும் இல்லை. மேல் எது கீழ் எது என்று தெரியாத குழப்பம். பையன் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக்கொண்டு தொழுவத்தைச் சுற்றி ஓடிப் பார்த்தான்.

மூன்றாம் நாள்

மழை. இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை என்று முடித்துக்கொள்ளலாம். ஆனால் பல்பு கதையைச் சொல்ல வேண்டும். ஒன்பது மணிக்குச் சாரல் நின்றது போலத் தெரிந்ததும் அவசரப்பட்டு விளக்கைப் போட்டேன். கால் மணி நேரம் எரிந்து பல்பு நன்றாகச் சூடானபோது தென்னை ஓலையில் தேங்கியிருந்த தண்ணீர் சொட்டியது. ஒரே ஒரு சொட்டு. 'டப்' என்ற சத்தத்தோடு சென்னையில் இருந்து மடியில் சுமந்து வந்த விக்கிரகம் உடைந்தது. கண்ணாடியைப் பொறுக்க வேண்டும், பாதரசம் வேறு. எல்லோரையும் விலக்கிவிட்டு, கைக்குப் பை மாட்டிக்கொண்டு, கிழிந்த அட்டையால் கூட்டி டப்பாவில் அடைத்தேன். மேலே தகரத் தட்டு ஒன்று கவிழ்த்து வைத்திருந்தால் நடந்திருக்காது. இது எனக்கு முன்பே தெரியும் என்பதுதான் கடுப்பு.

அம்பாசமுத்திரத்தில் மூன்று கடைகளில் கேட்டுப் பார்த்தாயிற்று. "அதெல்லாம் இப்போது வருவதில்லை சார், எல்இடி வாங்கிக்கொள்ளுங்கள்." எல்இடியில் விட்டிலுக்குப் பிடித்த புறஊதா இல்லை. இனி தொழுவத்து டியூப் லைட்தான்.

நான்காம் நாள்

விடிந்ததும் வெயில். ஆச்சி வீட்டிலிருந்து பாபநாசத்துக்கு டவுன் பஸ் பதினைந்து நிமிடம். ஆற்றில் குளித்து, படித்துறை மீன்களுக்குப் பொரி போட்டுவிட்டு, ஒரு வீட்டு வாசலில் பூத்துக் கிடந்த இட்லிப்பூச் செடி முன்னால் நின்றுவிட்டேன். சிவப்புக் கொத்துக்கு முன் ஏதோ ஒன்று அந்தரத்தில் அதிர்ந்துகொண்டிருந்தது. இறக்கை தெரியவில்லை, மங்கலாக ஒரு புகை மட்டும். ஒரு பூவில் அரை விநாடி, அடுத்ததில் அரை விநாடி. வால் பக்கம் விசிறி போல மயிர்க் கற்றை.

அந்த வீட்டு அம்மா வெளியே வந்தார். "தேன்சிட்டுக் குஞ்சு. தினமும் வரும்" என்றார். வாட்ஸ்அப்பில் 'இந்தியாவில் ஹம்மிங் பறவை' என்று சுற்றும் வீடியோக்களில் பெரும்பாலும் இருப்பது இதுதான். ஹம்மிங் பறவை அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி எங்கும் கிடையாது. இது மாக்ரோகிளாஸம், பகலில் பறக்கும் பருந்து விட்டில். மெல்லச் சொன்னேன். "அப்படியா? ஆனால் எங்களுக்குத் தேன்சிட்டுதான்" என்று சொல்லி எனக்கு மோர் கொடுத்தார். மோரைக் குடித்துக்கொண்டே எப்படி வாதாடுவது?

ஐரோப்பாவில் இதன் உறவினன் ஒன்றுக்கு லின்னேயஸ் ஸ்டெல்லாடாரம் என்று பெயரிட்டார். தண்டைச் சுற்றி நட்சத்திரம் போல இலை விடும் செடிகளை அக்காலத்தில் அப்படித்தான் தொகுத்தார்கள். புழு அவற்றைத் தின்னும். அந்தச் செடிகள் காபிக் குடும்பம். பாபநாசத்து மாக்ரோகிளாஸம் எங்கே முட்டையிடும் என்று சுற்றிப் பார்த்தேன். தெருவின் கடைசியில் வேலியோரம் மஞ்சணத்தி நின்றது. அதுவும் காபிக் குடும்பம். இட்லிப்பூவும் அதே குடும்பம். கண்டம் மாறி, செடி மாறி, நாக்கு ருசி மட்டும் மாறவில்லை. மஞ்சணத்தி இலைகளைப் புரட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து ஒரு பெரியவர், "சளிக்கு மருந்தா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

மத்தியானம் இன்னும் ஒன்று வந்தது. கண்ணாடி இறக்கை, பச்சை உடல், இடுப்பில் சிவப்புப் பட்டை: செஃபனோடெஸ் ஹைலஸ். கூட்டை விட்டு வரும்போது இதன் இறக்கையிலும் செதில்கள் உண்டு. முதல் தடவை படபடத்துப் பறக்கும்போதே உதிர்ந்துவிடும். பட்டாம்பூச்சியும் விட்டிலும் சேர்ந்த வரிசைக்கே லெபிடாப்டெரா, 'செதில் இறக்கை' என்றுதான் பெயர். அந்தப் பெயரையே உதறிவிட்டுப் பறக்கிறது இது. பார்க்கக் குளவி போல இருப்பதால் குருவிகள் யோசிக்கும். நான்கு படங்கள் எடுத்தேன், நான்கிலும் பூ மட்டும் தெளிவு.

வீட்டுக்கு வந்து பக்கெட்டைப் பார்த்தால் கத்தரிக் கொப்பு அப்படியே இருக்கிறது, புழுவைக் காணவில்லை. மண்ணுக்குள் இறங்கிவிட்டது. கூட்டுப்புழுவாகப் போகிறது.

ஐந்தாம் நாள், ஆடி அமாவாசை

இன்றைக்குப் பாதி ஜில்லா சொரிமுத்து அய்யனார் கோவிலில் இருக்கும். பாபநாசத்தில் இருந்து சிறப்புப் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். காரையாற்றங்கரை முழுக்கக் குடில்கள். குடும்பம் குடும்பமாக வந்து நாள் கணக்கில் தங்கியிருக்கிறார்கள். பொங்கல் புகை, ஆட்டுச் சத்தம், வில்லுப்பாட்டு. நான் இங்கே வந்தது சாமிக்காக என்று ஆச்சி நினைத்துக்கொண்டிருக்கிறாள். பாதி உண்மை. கோவில் விளக்குகளுக்கு மலையில் இருந்து என்ன இறங்கி வந்திருக்கும் என்று பார்ப்பது மீதிப் பாதி.

அதிகாலை வெளிச்சத்தில் சுவரோரம் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தவற்றில் பருந்து விட்டில் இரண்டே இரண்டு, இரண்டும் நெஸ்ஸஸ். ஆனால் ஒரு மூலையில் சின்னக் கூட்டம் கூடி நின்றது. என் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து விரித்த அளவுக்கு ஒரு செங்கல் நிறப் பூச்சி. முன் இறக்கை நுனியில் பாம்புத் தலை போல வளைவு, நடுவில் கண்ணாடிச் சன்னல்கள். அட்டாகஸ் தாப்ரோபானிஸ். பட்டுப் பூச்சிகளின் பெரிய உறவு. பருந்து விட்டில் குடும்பமும் இதுவும் பாம்பிகாய்டியா என்ற ஒரே மேல்குடும்பத்துக்குள் வருகின்றன. ஆக இது அயலான் இல்லை, சித்தப்பா வீடு.

அதன் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். தாப்ரோபானே என்பது இலங்கைக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயர். இலங்கைக்குத் தாம்பரபன்னி, தாமிரபரணி என்று இருந்த பழம்பெயரைக் கிரேக்க நாக்கு உருட்டியதுதான் தாப்ரோபானே ஆனது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். தென்மலையிலும் இலங்கையிலும் வாழும் இந்தப் பூச்சி, தாமிரபரணியின் தலைமாட்டில், காரையாற்றுக் கரைச் சுவரில், அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் இருந்த பலூன்காரரிடம் இதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், பலூன் இடிக்கிறது" என்றார்.

இதற்கு வாய் வேலை செய்யாது. சில நாட்கள்தான் ஆயுள். ஒரு சிறுவன் குச்சியால் தட்டப் போனபோது ஒரு பாட்டி அதட்டினாள்: "எல, தொடாதே! சாமி பார்க்க வந்திருக்கிறது." விலங்கியல் துறை சொல்லியிருந்தால்கூட அந்தக் குச்சி இவ்வளவு வேகமாகக் கீழே இறங்கியிருக்காது.

பூக்குழி பார்க்க நிற்கவில்லை. கூட்டத்தில் செருப்பு தொலைந்தது. வெறுங்காலோடு பஸ் ஏறினேன்.

ஆறாம் நாள்

கிளம்ப வேண்டிய நாள். காலை ஆறு மணிக்கு மாமாவின் சேக்காளி ஒருவர் வந்தார். தென்னந்தோப்பில் தேனீப் பெட்டிகள் வைத்திருப்பவர். ஊரில் எல்லோருக்கும் அண்ணாச்சி. கையில் எவர்சில்வர் செம்பு, வாயில் துணி கட்டியிருந்தது.

"நீங்கள் பூச்சி பார்க்கிறவராமே. இது என்ன பிசாசு என்று சொல்லுங்கள். ராத்திரி பெட்டிக்குள் புகுந்து தேனைக் குடித்திருக்கிறது."

துணியை விலக்கும் முன்பே உள்ளிருந்து சத்தம் வந்தது. எலிக்குஞ்சு கீச்சிடுவது போல. திறந்தேன். கனத்த உடல், மஞ்சளும் கறுப்பும் நீலச் சாம்பலும். முதுகில், இறக்கைகள் தொடங்கும் இடத்தில், மங்கிய மஞ்சளில் ஒரு மண்டையோடு.

இருபது வருடமாகப் படத்தில் மட்டும் பார்த்தது. கை நடுங்கியது என்று எழுதினால் மிகை என்பீர்கள். படம் மூன்றும் ஆடிப் போயிருக்கின்றன, வேண்டுமானால் அனுப்புகிறேன்.

அக்கெரான்ஷியா பேரினத்தில் உலகத்திலேயே மூன்று இனங்கள்தான். அட்ரோபோஸ் ஆப்பிரிக்காவும் ஐரோப்பாவும். லாக்கெசிஸும் ஸ்டிக்ஸும் ஆசியாவில், இரண்டும் நம் ஊரிலும். மூன்று பெயரும் கிரேக்கச் சாவுப் பெயர்கள். உயிர் நூலை அளக்கிறவள் லாக்கெசிஸ், அறுக்கிறவள் அட்ரோபோஸ், செத்தவர்கள் தாண்டும் ஆறு ஸ்டிக்ஸ். மற்ற பலவற்றுக்குச் செடிப் பெயர் வைத்தவர்கள் இதற்கு மட்டும் ஏன் மாறினார்கள்? மண்டையோட்டைப் பார்த்துப் பயந்தது ஒன்று. இன்னொன்று எனக்குத் தோன்றுவது: எந்தச் செடியின் பெயரை வைப்பது? எள், கத்தரி, அவரை, இன்னும் எத்தனையோ, கண்டதையெல்லாம் தின்னும்.

செம்பைச் சாய்த்து அடிவயிற்றைப் பார்த்தேன். மஞ்சள், குறுக்குப் பட்டை இல்லை. பின் இறக்கையின் அடிப்பகுதியிலும் கரும் திட்டு இல்லை. லாக்கெசிஸாக இருந்தால் அங்கே கறுத்திருக்கும். முன் இறக்கையின் கீழ்ப்புறத்தில் இரண்டு பட்டை. ஸ்டிக்ஸ்.

அண்ணாச்சிக்கு அதன் பெயரைவிடத் தொழில்தான் முக்கியம். ஏன் தேனீக்கள் விட்டுவைத்தன? சொன்னேன். உறிஞ்சுகுழல் ஏக்ரியஸைப் போல நீளம் இல்லை. குட்டை, தடிமன், கூர்மை. மெழுகு மூடியைக் குத்தித் தேனை உறிஞ்சத்தான் லாயக்கு. காற்றை அந்தக் குழல் வழியே உள்ளிழுத்து வெளியே தள்ளும்போதுதான் இந்தக் கீச்சொலி. இதன் ஐரோப்பிய உறவான அட்ரோபோஸின் உடம்பு மணமும் தேனீயின் மணமும் ஒத்திருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கூட்டுக்குள் இருட்டில் அது போதும். எப்போதும் தப்பிக்கும் என்று இல்லை, கொட்டிக் கொன்றும் போடும். "திருடனுக்கு வீட்டு ஆள் சட்டை" என்றார் அண்ணாச்சி. பெட்டி வாசலில் தேனீ மட்டும் நுழையும் அளவுக்குத் தகட்டை வைத்துக் குறுக்கினால் போதும் என்றேன். விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். கொஞ்சம் யோசித்து, தோப்பைத் தாண்டிப் போய் விடுவதாக ஒப்புக்கொண்டார்.

ஆச்சி திண்ணையில் இருந்தாள். "ஆச்சி, பக்கெட்டில் இறங்கிய கத்தரிப் புழு இருக்கிறதே, அது இப்படித்தான் ஆகும்" என்று செம்பைக் காட்டினேன். செம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அது பச்சைப் புழு. இது பிசாசு. உனக்கு யார் சொன்னது?" என்றாள். எண்பத்திரண்டு வருடமாகப் புழுவை அவளுக்குத் தெரியும். விட்டிலையும் தெரியும். மண்ணுக்குள் நடப்பதை அவள் பார்த்ததில்லை. எனக்கோ இறக்கை விரித்த படங்கள் ஆயிரம் தெரியும், புழுவைக் கையில் பிடித்தது இந்த வாரம்தான்.

ரயிலுக்கு முன் கடைசியாகக் கத்தரித் தோட்டம் போனேன். இன்னொரு கொம்புப் புழு. சோதித்துப் பார்க்க முதுகை லேசாக அழுத்தினேன். 'டிக், டிக், டிக்.' தாடைகளை அடித்துக்கொள்ளும் சத்தம், அழுத்தமாக, கோபமாக. ஆச்சி சொன்ன பல் கடிப்பு. ரயிலில் உட்கார்ந்து தேடிப் படித்தால் அதே சத்தம் இந்தப் பேரினத்துப் புழுக்களுக்கு உரியது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். இரண்டாம் நாள் சிரித்ததைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பக்கெட்டை ஆச்சியிடம் விட்டு வந்திருக்கிறேன். மண்ணைக் காயவிட வேண்டாம், ஊறவிடவும் வேண்டாம், வெளியே வந்ததும் போன் போடு, அடிவயிற்றைப் பார்த்துச் சொல் என்று மூன்று தடவை சொல்லிவிட்டு வந்தேன்.

ஆவணி முதல் வாரத்தில் சேர்த்தது

இன்று காலை ஆறே காலுக்கு போன்.

"ஏல, பக்கெட்டில் வந்துவிட்டது."

"மண்டையோடு இருக்கிறதா ஆச்சி?"

"மண்டையோடெல்லாம் இல்லை. நன்றாகப் பார்த்தேன். அய்யனார் கோவில் சங்கிலி பூதத்தார் சாமி முகம். கண்ணும் மீசையும் அப்படியே இருக்கிறது."

"அடிவயிறு? மஞ்சளா, கறுப்புப் பட்டை இருக்கிறதா?"

"பூதத்தாரைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பார்களா? கும்பிட்டு வலையை அவிழ்த்து விட்டுவிட்டேன். கத்தரித் தோட்டம் பக்கம்தான் போயிற்று. உன் மாமாவிடம் சொல்லாதே."